நிலவின் பூர்வீகம் – 9: சித்தம்பூண்டி வெள்ளைக்கல்

கல்லலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவர் இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறார். எண்பதைத் தாண்டியவர். போன வாரம் கோயில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏப்பா, நிலாவுல இருந்து கல்லு கொண்டாந்தாங்கன்னு எழுதியிருந்த. அந்தக் கல்லு எப்படி இருக்கும்? நம்ம பக்கத்துக் கல்லு மாதிரி இருக்குமா? அதைச் சொல்லாம விட்டுட்டியே!"

விட்டது என் தவறுதான். சோமசுந்தரேசுவரர் என்று நிலாவைப் பெயரிலேயே வைத்திருக்கும் சாமியின் வாசலில் நின்று ஆச்சி கேட்ட கேள்விக்கு, இந்த வாரம் முழுவதையும் பதிலாக எழுதுகிறேன்.

முதலில் நம் பக்கத்துக் கல். கல்லல், காளையார்கோவில், காரைக்குடிப் பக்கமெல்லாம் கிணறு தோண்டினால் முதலில் கிடைப்பது செம்பூராங்கல். தேன்கூடு மாதிரி துளை துளையாக, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் உண்மையிலேயே துருதான். பல லட்சம் ஆண்டு மழை, பாறையில் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கின. இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. ஆக, இந்தக் கல் பிறக்க மழையும் காற்றும் வேண்டும். நிலவில் இரண்டும் இல்லை. அங்கிருந்து வந்த கற்களில் துருவே ஏறாத உலோக இரும்புத் துணுக்குகள் இருந்தன. நம் வீட்டு அரிவாளைக் கொல்லையில் ஒரு மாதம் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே அந்த இரும்பு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் கிடந்தும் மினுங்கிக்கொண்டிருந்தது.

எனவே ஆச்சிக்கு முதல் பதில்: கல்லல் கல்லுக்கும் நிலாக் கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கல் ஒன்றுக்கும் நிலாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவு தெரிய வந்த வரலாறு 1969இல் தொடங்குகிறது.

அப்பல்லோ 11 கொண்டுவந்தது 21.5 கிலோ. அதைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகத்துக்குச் சில கிராம் மண் கிடைத்தது. அங்கே ஜான் வுட் என்பவரும் உர்சுலா மார்வின் முதலான கூட்டாளிகளும் அந்த மண்ணைச் சல்லடையில் சலித்து, பொடிக்கற்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய கற்களை வைத்திருந்த கூடங்கள் அவற்றை அறுத்து வயது பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் பொடியைப் பொறுக்கினார்கள்.

துணுக்குகளில் பெரும்பாலானவை கரியவை. அது எதிர்பார்த்ததுதான். அப்பல்லோ 11 இறங்கியது அமைதிக் கடல் என்று பெயர் பெற்ற கருஞ்சமவெளியில். நாம் கீழிருந்து பார்க்கும்போது முயலாகவும் வடை சுடும் பாட்டியாகவும் தெரிகிற கறைகளில் அதுவும் ஒன்று. எரிமலைக் குழம்பு வழிந்து பரவி இறுகிய பசால்ட் பாறை அது. அந்தக் கரிய பொடிக்கு நடுவே நூற்றுக்கு நாலைந்து துணுக்குகள் வெள்ளையாக இருந்தன. எரிமலைச் சமவெளியில் வெள்ளைக்கல்லுக்கு என்ன வேலை?

அந்த வெள்ளைத் துணுக்குகளின் பெயர் அனார்த்தோசைட். பிளஜியோகிளேஸ் என்ற கனிமம், அதிலும் சுண்ணாம்புச் சத்தும் அலுமினியமும் மிகுந்த வகை, ஏறக்குறைய தனியாகவே சேர்ந்து உண்டான பாறை. வுட் இப்படி யோசித்தார். இந்தத் துணுக்குகள் சமவெளிக்குச் சொந்தமானவை அல்ல. விண்கல் வந்து மோதியபோது பல பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள வெள்ளை மேட்டுநிலத்திலிருந்து தெறித்து இங்கே விழுந்தவை. அப்படியானால் நிலவின் மேட்டுநிலம் முழுவதும் இந்தக் கல்லாக இருக்க வேண்டும். 1968இல் டைக்கோ பள்ளத்தின் அருகே ஆளில்லாமல் இறங்கிய சர்வேயர் 7, அங்குள்ள மண்ணில் இரும்பு குறைவு, அலுமினியம் அதிகம் என்று சொல்லியிருந்தது. அதுவும் இதோடு பொருந்தியது.

இதற்கு மேல் அவர் வைத்த அடிதான் பெரியது. ஒரே கனிமம் தனியாகப் பிரிந்து, ஒரு கோளின் மேல்தோல் அளவுக்குச் சேர வேண்டும் என்றால் அதற்கு என்ன வழி?

நெல் ஊறப் போட்டவர்களுக்கு இந்த வழி தெரியும். அண்டாவில் தண்ணீர் ஊற்றி நெல்லைக் கொட்டினால் மணி பிடித்த நெல் அடிக்குப் போகும், பதர் மேலே வந்து மிதக்கும். யாரும் பிரித்துவிட வேண்டியதில்லை. நிலவிலும் அதுதான் நடந்தது என்றார் வுட். ஒரு காலத்தில் நிலவின் மேற்பரப்பு முழுவதும், பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு, உருகிய பாறைக்குழம்பாக இருந்தது. கரை இல்லாத நெருப்புக் கடல். அது ஆற ஆறக் கனிமங்கள் படிகமாயின. ஆலிவீன், பைராக்சீன் என்ற கனத்த கனிமங்கள் மூழ்கி அடியில் தங்கின. பிளஜியோகிளேஸ் எடை குறைந்தது, மிதந்தது. மிதந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நிலவின் மேல்தோல் ஆயின. நிலா வெளுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அந்தத் தோல். பின்னாளில், ஏறத்தாழ 390 கோடி ஆண்டு முதல் 310 கோடி ஆண்டு முன்புவரை, அடியிலிருந்து மறுபடி உருகி எழுந்த குழம்பு பெரும்பள்ளங்களை நிரப்பியது. அவைதான் கறைகள். அப்பல்லோ காலத்துக் கணக்கு இது. 2020இல் சீனாவின் சாங்கே 5 கொண்டுவந்த பசால்ட்டின் வயது 200 கோடி ஆண்டுதான் என்று தெரிந்தபோது, எரிமலைகள் ஓய்ந்த காலத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டி வந்தது.

1970 ஜனவரியில் ஹூஸ்டனில் கூடிய அறிஞர்கள் முன் வுட் இதைச் சொன்னார். ஜோசப் ஸ்மித் என்பவர் தலைமையிலான இன்னொரு குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தது. நிலா பிறந்ததிலிருந்தே குளிர்ந்த உருண்டை என்று நம்பி வந்த ஹெரால்டு யூரி போன்ற பெரியவர்கள் அந்த மண்டபத்தில் செல்வாக்கோடு இருந்த காலம். ஒரு கைப்பிடிப் பொடியை வைத்துக்கொண்டு ஒரு கோளையே உருக்கிக் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அறிவியலில் நான் அறிந்த துணிச்சல்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

சான்றுகள் வரத் தொடங்கின. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் பள்ளத்தின் விளிம்பில் ஒரு வெள்ளைக்கல்லைக் கண்டெடுத்தார்கள். 269 கிராம். கிட்டத்தட்டக் கலப்பில்லாத அனார்த்தோசைட். வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். அடுத்த ஆண்டு சோவியத்தின் லூனா 20 மேட்டுநிலத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் கொண்டுவந்தது. அதே ஆண்டு அப்பல்லோ 16 இறங்கிய டெகார்ட் மேட்டில் எரிமலைப் பாறை கிடைக்கும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். கிடைத்தது, மோதலில் நொறுங்கி ஒட்டிய வெள்ளைப் பாறை. ஆறு பயணங்களில் 382 கிலோ வந்து சேர்ந்தது. நம் நாட்டுக்கும் பங்கு வந்தது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் நரேந்திர பண்டாரி முதலானோர் அந்தத் துகள்களில் அண்டக்கதிர் விட்டுப்போன தடங்களைப் படித்தார்கள். அந்தப் பள்ளியில் வளர்ந்த ஜே. என். கோஸ்வாமிதான் பிற்பாடு சந்திரயான் 1இன் முதன்மை விஞ்ஞானி.

சரி, ஒரு கோளையே உருக்கும் அளவுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? நிலவின் பிறப்பைப் பற்றிய கேள்வியே இந்த இடத்தில்தான் திறக்கிறது. பூமியிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது, பூமியோடு கூடப் பிறந்தது, வழியில் போனது பிடிபட்டது என்று மூன்று பழைய கொள்கைகளை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கைக்கு வந்த கற்கள் மூன்றையும் சங்கடத்தில் ஆழ்த்தின. நிலாக் கல்லின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் பூமியினதோடு அப்படியே ஒத்துப்போயிற்று. வேறெங்கிருந்தோ வந்த வழிப்போக்கன் என்றால் இது பொருந்தாது. ஆனால் கூடப் பிறந்தது என்றும் சொல்ல முடியவில்லை. பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதன் இரும்புக் கரு. நிலவின் கருவோ அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. எளிதில் ஆவியாகும் சோடியம், பொட்டாசியம் போன்றவையும் நிலாக் கல்லில் குறைவு. அடுப்பில் வைத்து வாட்டி எடுத்த பொருள் மாதிரி இருந்தது அது.

1975இல் வில்லியம் ஹார்ட்மனும் டொனால்டு டேவிசும் மோதல் கொள்கையை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு கேமரன், வார்டு இருவரும் வேறு கணக்கின் வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள். 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின் மேல் மோதியது. மோதிய கோளின் இரும்புக் கரு பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது. இரண்டின் மேற்பாறையும் உருகியும் ஆவியாகியும் சிதறி, பூமியைச் சுற்றி வட்டமாகப் பரவித் திரண்டது. இதில் நிலவுக்கு இரும்பு குறைந்த காரணம் கிடைக்கிறது. ஆவியாகும் பொருள் போன காரணம் கிடைக்கிறது. நெருப்புக் கடலுக்கு வேண்டிய சூடும் கிடைக்கிறது. 1984இல் ஹவாய் தீவில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோர் இதன் பக்கம் சாய்ந்தார்கள். ஒரே ஒரு முள் மட்டும் இன்னும் உறுத்துகிறது: மோதிய கோளின் சாயல் நிலாக் கல்லில் தனியாகத் தெரிய வேண்டுமே, ஏன் தெரியவில்லை? அதைப் பற்றி எழுத ஒரு முழு அத்தியாயம் வேண்டும். இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் வட்டத்தில், சித்தம்பூண்டி என்று ஒரு சிற்றூர். கல்லலிலிருந்து திருச்சி, நாமக்கல் வழியாகப் போனால் அரைநாள் பயணம். அங்கே வயலோரத்தில் வெளிறிய பாறை தலைநீட்டிக்கொண்டிருக்கும். அதில் சில இடங்களில் சிவந்த மணிகள் பதிந்திருக்கும். அதற்குக் குருந்தம் என்று பெயர். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான அந்தக் கனிமத்தை உலகம் இன்று கொரண்டம் என்று அழைக்கிறது. அந்தச் சொல் தமிழிலிருந்து போனது. ஊர் மக்களுக்கும் கல் வியாபாரிகளுக்கும் குருந்தம்தான் பொருள், அதைச் சுற்றியிருந்த வெள்ளைக்கல் வெறும் கழிவு.

அந்த வெள்ளைக்கல்லைப் பொருளாக எடுத்து ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஏ. பி. சுப்பிரமணியம். சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியின் கனிமங்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1956இல் அமெரிக்க நிலவியல் கழக ஏட்டில் வந்தது. முதல் ஸ்புட்னிக்கே அதற்கு அடுத்த ஆண்டுதான் ஏறியது. நிலாக் கல் எப்படி இருக்கும் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாத காலத்தில், ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாறை என்ன என்பதை அவர் வரிவரியாகப் பதிந்து வைத்துவிட்டார். அது அனார்த்தோசைட். அதிலும் பூமியில் அரிதான, சுண்ணாம்புச் சத்து மிகுந்த பிளஜியோகிளேஸ் கொண்ட வகை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. வுட் ஹூஸ்டனில் பேசிய அதே 1970இல், பூமியின் ஆதிகால அனார்த்தோசைட் பாறைகளையும் நிலாவின் பாறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பிரையன் விண்ட்லி எழுதினார்.

சந்திரயான் 1 இந்த உறவை வேறு கோணத்தில் பார்க்க வைத்தது. கோத்தவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த கனிம வரைபடக் கருவி, நிலவிலிருந்து திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து எந்த இடத்தில் என்ன கனிமம் என்று சொல்லக்கூடியது. ஓரியன்டேல் என்ற மாபெரும் மோதல் வட்டத்தின் மலைகளில் ஏறக்குறையக் கலப்பே இல்லாத அனார்த்தோசைட் கிடப்பதை அது காட்டியது. மிதந்து சேர்ந்த தோல் அங்கே தோலாகவே நிற்கிறது. இப்படிப்பட்ட ஒளியைப் படிக்க வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு கல் வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையில் எஸ். அன்பழகனும் எஸ். அறிவழகனும் சித்தம்பூண்டிக் கல்லை எடுத்து அதன் ஒளியை அளந்தார்கள். நிலா மேட்டுநிலத்தோடு நன்றாகப் பொருந்தியது.

அடுத்து வந்த தேவை இன்னும் பெரியது. இறங்கும் கலத்தின் கால் புதைந்துவிடுமா, ஊர்தியின் சக்கரம் வழுக்குமா என்று சோதிக்க நிலா மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவில் கிடைக்கும் செயற்கை நிலா மண் விலை கூடியது. அது தவிர, கருஞ்சமவெளி மண்ணைப் போலச் செய்தது நமக்கு உதவாது. நாம் போக நினைத்தது தென்துருவப் பக்கத்து வெள்ளை மேடு. அப்போது சித்தம்பூண்டியும் அதன் அருகிலுள்ள குன்னமலையும் கை கொடுத்தன. பாறையைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பொடித்தார்கள்.

பொடிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. நிலவில் ஆறு இல்லை, காற்று இல்லை. விண்கல் அடித்து அடித்து நொறுங்கிய மண் அது. ஒவ்வொரு துகளும் கூர்முனையோடு இருக்கும். வீடு கட்டுகிறவர்கள் எம்-சாண்டையும் ஆற்று மணலையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் உடனே தெரியும். நிலா மண் எம்-சாண்ட் சாதி. ஆனால் அதைவிடப் பல மடங்கு நைசானது. துகள் அளவு, கனம், ஒட்டும் தன்மை எல்லாவற்றையும் அப்பல்லோ மண்ணின் அளவுகளோடு ஒத்துப்போகும்படி செய்தார்கள். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே. முத்துக்குமரன் மண்ணின் தாங்குதிறனைப் பார்த்தார். சுமார் 50 டன் அளவுக்கு மண் பெங்களூரில் இஸ்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. உடைத்துக் கொடுத்தவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் கூலி வாங்கிக்கொள்ளவில்லை என்று அண்ணாதுரை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மண் செய்யும் முறைக்கு இஸ்ரோ 2014இல் விண்ணப்பித்த காப்புரிமை 2020 மே மாதம் கிடைத்தது.

சந்திரயான் 2 தரையிறங்கும் கலம் 2019 செப்டம்பரில் கடைசி நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அந்த இரவு நம்மில் பலர் தூங்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான் 3க்கு விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். அதன் தரையிறங்கும் கலமான விக்ரம், நிலவின் 69 பாகை தென் அட்சத்தில் கால் ஊன்றியது. நாமக்கல் மண்ணில் நடை பழகிய ஊர்தி வடிவம் அதிலிருந்து அசல் மண்ணில் இறங்கி ஓடியது.

அந்த 26 கிலோ ஊர்தி 103 மீட்டர் நகர்ந்தது. போகிற வழியில் 23 இடங்களில் நின்று, ஆல்பா துகளையும் எக்ஸ் கதிரையும் மண்மேல் பாய்ச்சி, அதில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று அளந்தது. சந்தோஷ் வடவலே தலைமையில் அகமதாபாத் குழு 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. 23 இடத்திலும் மண் ஏறக்குறைய ஒரே மாதிரி. இரும்பு கலந்த அனார்த்தோசைட்டின் கலவை. அப்பல்லோ 16, லூனா 20 மண்ணோடு ஒத்துப்போனது. அந்த இரண்டும் நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்கள். இது தென்துருவத்தை அண்டிய இடம். இவ்வளவு தள்ளியிருக்கும் இடங்களிலும் ஒரே பதர் மிதந்திருக்கிறது என்றால், அண்டா ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஜான் வுட் பொடி பொறுக்கிச் சொன்னதற்கு 53 ஆண்டு கழித்து, யாரும் போகாத இடத்தில் நேராக இறங்கி நம்மவர்கள் அளந்து சொன்ன சாட்சி இது. மக்னீசியம் மட்டும் கணக்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. தென்துருவ ஐட்கன் என்ற பெரும்பள்ளம் உண்டான மோதலில் ஆழத்திலிருந்து தோண்டி எறியப்பட்ட அடிப்பாறை கலந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் மிதந்ததும் மூழ்கியதும் அங்கே ஒரே மண்ணில் கிடக்கின்றன.

ஆச்சிக்கு நான் முதலில் சொன்ன பதிலில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். நிலவில் துருவே இல்லை என்று அப்பல்லோ காலத்தில் சொன்னது முழு உண்மை அல்ல. சந்திரயான் 1 எடுத்த அதே கனிம வரைபடத்தை மறுபடி அலசியபோது, நிலவின் துருவப் பகுதிகளில் ஹெமடைட் இருப்பது 2020இல் தெரியவந்தது. ஹெமடைட் என்பது இரும்புத் துருவின் ஒரு வகை. நம் செம்பூராங்கல்லைச் சிவப்பாக்குகிற அதே பொருள். பூமியின் காந்தப்புல வாலில் சிக்கி இங்கிருந்து போகும் ஆக்சிஜன் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே ஆச்சி, ஒட்டும் உறவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

நாமக்கல் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சித்தம்பூண்டிப் பாறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளி ஆசிரியர்கள் சுற்றுலாப் பட்டியலில் அந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: தொட்டுப் பாருங்கள், உடைத்து எடுத்து வராதீர்கள். கல் குவாரிகள் பெருகிவரும் காலம் இது. அந்தப் பாறை எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஊராட்சியிலும் மாவட்ட நிர்வாகத்திலும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கவனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்த இதழில்: 2009 செப்டம்பரில் நிலவில் தண்ணீர் இருப்பதாக அறிவிக்கப்பட்ட நாள்.